பிசிறில்லாமல் வெட்டுவது

எட்டி எட்டிப் பார்ப்பதற்குக் கேட்டே விடலாம் அக்கா. நான் கடிக்க மாட்டேன். அய்யலூரில் பஸ் ஏறினதிலிருந்து என் மடியைத்தான் பார்த்துக்கொண்டு வருகிறீர்கள்.

லேப்டாப்தான். ஓரம் உடைந்திருக்கும், கண்டுகொள்ளாதீர்கள். இதில் தெரிவது கல்யாண ஆல்பம் இல்லை. ஸ்கிராப்புக். வெளிநாட்டில் பொம்பளைகள் அட்டையில் படத்தை ஒட்டி, சுற்றி ரிப்பன், பொத்தான், காய்ந்த பூ எல்லாம் ஒட்டி, ஓரத்தில் கையால் இரண்டு வரி எழுதி வைப்பார்களாம். அதையே பசை, கத்தரி இல்லாமல் கம்ப்யூட்டரில் செய்தால் இது. இந்தப் பொத்தானைப் பாருங்கள், தொட்டால் கழன்று வந்துவிடும் போல இல்லை? கீழே லேசாக நிழல் விழுகிறது. சங்கதியே அந்த நிழலில்தான் இருக்கிறது.

இதை நான் செய்யவில்லை. என் அக்கா செய்தது. பெரிதாக அடித்து, அட்டையில் ஒட்டி வாங்க மதுரையில் போட்டோ லேபுக்குப் போகிறேன். வருகிற முகூர்த்தத்தில் அவளுக்குக் கல்யாணம். மண்டப வாசலில் இதையெல்லாம் வரிசையாக நிறுத்தி வைக்கப் போகிறார்கள்.

உங்களுக்குக் கற்றுக்கொள்ள வேண்டுமா? பிள்ளைக்கா? போனைக் கொடுங்கள், பார்க்கிறேன். அழகாக இருக்கிறான். ஆனால் படம் தேறாது. கோபித்துக்கொள்ளாதீர்கள், உள்ளதைச் சொல்கிறேன். எல்லாம் வாட்ஸாப்பில் வந்த படம். போனில் பார்க்க நன்றாக இருக்கும், பெரிதாக அடித்தால் முகம் உப்புமா மாதிரி உதிர்ந்துவிடும். ஆரம்பிக்கிறவர்கள் எல்லோரும் இந்தத் தப்பைத்தான் செய்வார்கள். சிரிப்பு நன்றாக இருக்கிறதா, கண் திறந்திருக்கிறதா என்று பார்த்துப் படத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். அதெல்லாம் அப்புறம். முதலில் படம் எத்தனை எம்.பி. என்று பாருங்கள். எடுத்தவரிடம் கேட்டு, 'டாக்குமென்ட்டா அனுப்புங்க' என்று சொல்லுங்கள். அப்போதுதான் எடுத்தது எடுத்தபடி வரும். என் அக்காவுக்கும் நான் முதலில் சொல்லிக் கொடுத்தது அதுதான்.

அக்கா என்றால் வாய் நிறைய அக்கா என்று கூப்பிட்டதில்லை. பெயர் தேன்மொழி. நான் தேனு என்பேன். எனக்கு பவதாரணி, பவா. பிளஸ் ஒன்னில் நின்றுவிட்டேன். வீட்டில் நிறுத்தவில்லை, நானேதான் நின்றேன். படிப்பு வரவில்லை, அவ்வளவுதான். ஊரில் 'பாவம், வசதி இல்லாம நிப்பாட்டிட்டாங்க' என்பார்கள். பொய். வசதி இருந்தது. மண்டையில்தான் இல்லை. தேனுவுக்கு இருந்தது. பி.காம். முடித்து, நூல் மில்லில் ஆபீஸ் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். நான் எங்கள் ஊர்ப் பக்கத்து ஸ்டுடியோவில் ஜோதிபாசு அண்ணனிடம் டிசைனுக்குச் சேர்ந்தேன். காதுகுத்து ஃப்ளெக்ஸ், சடங்கு ஃப்ளெக்ஸ், தலைவர் பிறந்தநாள் ஃப்ளெக்ஸ். தாய்மாமன் முகத்தைச் சிங்கத்துக்குப் பக்கத்தில் வைப்பது. இதே பிழைப்பு. இந்த ஸ்கிராப்புக்கை யூடியூபில் பார்த்து நானாகப் பழகினேன். எங்கள் ஊரில் யார் கேட்பார்கள்? 'என்னம்மா, பழைய பேப்பர்ல ஒட்டின மாதிரி இருக்கு, தங்கக் கலர் பார்டர் போடு' என்பார்கள்.

தேனு மட்டும்தான் பார்ப்பாள். வேலை விட்டு வந்து, தலைப்பின்னலை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, 'இந்த ரிப்பன் கூடுதலா இருக்குடி, எடுத்துரு' என்பாள். எடுத்துப் பார்த்தால் சரியாக இருக்கும். நாங்கள் ஒரே பாயில் படுத்தவர்கள் அக்கா. அவளுக்கு மாதவிலக்கு வந்தால் எனக்கு வயிறு வலிக்கும், அப்படி. அவள் சொல்லாதது எனக்கு எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை வேலைக்குப் போனவள் வரவில்லை. மில்லில் லோடு வண்டி ஓட்டுகிற நிர்மல் என்கிற பையனோடு போய்விட்டாள். ரிஜிஸ்தர் கல்யாணம். அவன் எங்கள் ஆட்கள் இல்லை. எந்த ஆட்கள் என்று நீங்கள் கேட்கவும் வேண்டாம், நான் சொல்லவும் வேண்டாம். எங்கள் பக்கம் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

எனக்கு அதெல்லாம் இல்லை. அவன் யாராக இருந்தால் எனக்கென்ன? என்னிடம் சொல்லவில்லை. என் ஆற்றாமை அதுதான். ஊர் முழுக்க 'பவாவுக்குத் தெரியாம இருக்குமா' என்று என்னைத்தான் கேட்டார்கள். அம்மா விளக்குமாற்றால் அடித்தது. 'தெரியாது, தெரியாது' என்று கத்தினேன். ஒரு உயிருக்கும் நம்பிக்கை வரவில்லை. தெரிந்திருந்து அடி வாங்கியிருந்தாலாவது ஒரு இது இருந்திருக்கும்.

அம்மா அவளுடைய துணியைக் கொல்லையில் போட்டுக் கொளுத்தியது. அதோடு பரணிலிருந்த போட்டோ ஆல்பங்களையும் போட்டுவிட்டது. எங்கள் சின்ன வயதுப் படங்கள், எல்லாம். நல்லவேளை, பழகுவதற்காக நான் அதையெல்லாம் முன்னாலேயே ஸ்கேன் செய்து இதில் வைத்திருந்தேன். காகிதம் போனது, படம் இருந்தது.

அப்புறம் சௌந்தரம் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டில் அவர் பேசினால் அப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்து வெளியே போய்விடுவார். மாமா சத்தம் போடவில்லை. காபியைக் குடித்துவிட்டுச் சொன்னார்.

'அக்கா, தலை முழுகிருவோம். அவ செத்துட்டா. ஊருக்குச் சொல்லிட்டா நமக்கும் ஒரு மருவாதி. பாப்பா, ஒரு கண்ணீர் அஞ்சலி அடி. பெருசா. பஸ் ஸ்டாப்புல வைக்கணும்.'

பாப்பா என்றது என்னை. அப்படிப் பார்க்காதீர்கள் அக்கா. எங்கள் பக்கம் நடப்பதுதான். ஓடிப்போன பிள்ளைக்கு அஞ்சலி பேனர் வைத்து, மொட்டை அடித்து, சோறு போட்டவர்களும் உண்டு. எங்கள் வீட்டில் சோறு போடவில்லை. அம்மா தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டது, அவ்வளவுதான்.

ஜோதிபாசு அண்ணன் மாட்டேன் என்றுவிட்டார். 'உசுரோட இருக்குற பொண்ணுக்கு என் கடையில அஞ்சலி அடிக்க மாட்டேன். நீயும் செய்யாத பவா. கூடப் பொறந்தவ நீ.'

'நான் செய்யாட்டி வேற எவனாச்சும் ரோஜாப்பூவும் குத்துவிளக்கும் போட்டுக் கேவலமா செய்வான்ணே' என்றேன்.

'கேவலமா இருக்கட்டும். அதுதான் சரி' என்றார். அவருக்கு டிசைன் தெரியுமே தவிர ரசனை கிடையாது.

நான் வீட்டிலேயே செய்தேன். நான் செய்ததிலேயே நல்ல பக்கம் அதுதான். இன்றைக்கும் சொல்வேன். பின்னால் பழுப்புக் காகிதம், அவள் சுடிதாரின் ஊதாப்பூவைப் படம் எடுத்து ஓரம் கட்டினேன். ஒரு பக்கம் சின்னச் சின்னதாக அவள் குழந்தைப் படங்கள், கிளிப் மாட்டித் தொங்குகிற மாதிரி. மாமா 'குலத்தைக் கெடுத்த கோடாரி' என்று என்னவோ நான்கு வரி எழுதிக் கொடுத்தார். எழுத்து கூடினால் பக்கம் செத்துவிடும் மாமா என்று சண்டை போட்டு அதை எடுக்க வைத்தேன். பெயர், தோற்றம், மறைவு. மறைவுக்கு அந்த வெள்ளிக்கிழமைத் தேதி. அவ்வளவுதான். அசிங்கமாக ஒரு வார்த்தை கிடையாது. இதை யாராவது நினைத்துப் பார்க்கிறார்களா?

நடுவில் வைக்கத்தான் பெரிய படம் இல்லை. ஸ்கேன் செய்தது எல்லாம் சின்னப் பிள்ளைப் படம். காலேஜ் படங்கள் எல்லாம் வாட்ஸாப்பில் வந்தவை, பேனருக்குத் தாங்காது. அப்படியே அரைகுறையாகக் கிடந்தது. மாமா தினமும் போன் போட்டுத் திட்டினார்.

அப்போதுதான் அவள் அனுப்பினாள். புது நம்பர். ஒரு படம், இரண்டு வரி. 'நல்லா இருக்கேன்டி. யாருக்கும் காட்டாத.'

படத்தை டாக்குமென்ட்டாக அனுப்பியிருந்தாள் அக்கா. நான் சொல்லிக் கொடுத்ததை மறக்கவில்லை. திறந்தால் அப்படியே கண்ணாடி. மொட்டை மாடியில் நிற்கிறாள். குளித்த தலை, காற்றில் முடி பறக்கிறது. பச்சைச் சேலை, கழுத்தில் புது மஞ்சள் கயிறு. இடது பக்கமிருந்து வெயில். என்ன ஒரு வெளிச்சம். ஸ்டுடியோவில் லைட் போட்டு எடுத்தாலும் வராது.

வேறு படம் எதைத் தேடுவது?

காட்டாதே என்றாள்தான். மெசேஜை யாருக்கும் காட்டாதே என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அந்த மெசேஜை இன்றுவரை யாருக்கும் காட்டவில்லை. அந்த நம்பரை அம்மா உதைத்துக் கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

மஞ்சள் கயிற்றை முதலில் எடுத்தேன், அது இருந்தால் அம்மா பார்க்காது. பின்னால் இருந்ததையும் வெட்டி எடுக்கத்தான் பார்த்தேன். முடி விடவில்லை. பறக்கிற முடியை வெட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும். எப்படி வெட்டினாலும் ஓரத்தில் கோழி இறகு மாதிரிப் பிசிறு. அதனால் பின்னணியை விட்டுவிட்டு லேசாக மங்கலாக்கினேன். ரொம்பவும் மங்கலாக்கினால் ஆளைத் தனியாக ஒட்டின மாதிரி தெரியும், லேசாகத்தான் செய்ய வேண்டும். இந்த அளவை யாரும் சொல்லித் தர மாட்டார்கள், கண்ணுக்குத்தான் பழக வேண்டும். பின்னால் ஒன்றும் பெரிதாக இல்லை. ஒரு தண்ணீர்த் தொட்டி, அதில் நீல எழுத்து. ஒரு மில் புகைபோக்கி. அவ்வளவுதான்.

வேறொரு ஊரில் அடித்து வந்தார்கள். பஸ் ஸ்டாப்பில் கட்டின அன்றைக்கு நானும் போய்ப் பார்த்தேன். ஆளுயரத்துக்கு மேல். அவள் சிரித்துக்கொண்டு நின்றாள். கூட்டம் நின்று பார்த்தது. பேனரை நின்று பார்ப்பார்களா எங்கள் ஊரில்? இதை நின்று பார்த்தார்கள். பஞ்சாயத்து டேங்க் ஆபரேட்டர் பொண்டாட்டி, 'படத்துல பேசுற மாதிரி இருக்காளே, பாதகத்தி' என்று கண்ணைத் துடைத்தது.

நான் அதைப் போனில் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். ஏன் என்றா கேட்கிறீர்கள்? செய்ததைப் பார்க்க வேண்டாமா அவள்? எப்போதும் முதலில் அவள்தானே பார்ப்பாள். பார்த்தால் மனசு கேட்காது, ஒரு போன் போடுவாள், 'இந்த ரிப்பனை எடுத்துருடி' என்றாவது சொல்வாள் என்று நினைத்தேன். நீல டிக் விழுந்தது. ஒரு பொம்மைகூட அனுப்பவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் முகப்படம் போய்விட்டது. பிளாக்.

மாமாவும் பேனர் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். மீசையைத் தடவிக்கொண்டே நின்றார். அவர் என்னைப் பாராட்டி நான் பார்த்ததில்லை.

'நல்லாத்தான் பண்ணிருக்க பாப்பா. இது எப்ப எடுத்த படம்?'

'புதுசு மாமா.'

'அதான பாத்தேன். பின்னாடி மங்கலா இருக்கே, முழுசா தெளிவா இருக்கா உன்கிட்ட?'

'இருக்கு மாமா.'

'அனுப்பு. நெனவுக்கு வச்சுக்கிறேன்.'

டாக்குமென்ட்டாக அனுப்பினேன். சும்மா அனுப்பினால் உதிர்ந்துவிடும். எதையும் அரைகுறையாகக் கொடுக்க எனக்கு வராது.

என்ன அக்கா? தண்ணீர் குடிக்கிறீர்களா? குடியுங்கள்.

அந்த வாரமே மாமா காரில் போய்க் கூட்டி வந்துவிட்டார். இன்னும் இரண்டு பேர் கூடப் போனார்கள். பஸ் ஸ்டாப் வழியாகத்தான் கார் வந்தது, வேறு வழி கிடையாது. பேனர் அப்படியே நிற்கிறது. டீக்கடையில் இருந்தவர்கள் பேனரைப் பார்த்து, காரைப் பார்த்து, 'ஏலே, செத்தவ கார்ல போறாடா' என்று சிரித்தார்களாம். எதிர்வீட்டுச் சரசு பெரியம்மா வந்து, 'செத்ததாச் சொன்னா ஆயுசு கெட்டிம்பாங்க. நூறு வயசு இருப்பா, விடு' என்று அம்மாவுக்கு ஆறுதல் சொன்னது.

நான் வாசலுக்கு ஓடினேன். 'தேனு' என்றேன். என்னைத் தாண்டி உள்ளே போனாள். கழுத்தில் கயிறு இல்லை, ஒரு கோடு இருந்தது. அம்மா அவள் தலையில் தண்ணீர் ஊற்றி, வேறு சேலை கட்டிவிட்டு, பின்கட்டு அறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தியது.

அந்தப் பையனா? தெரியாது. வீட்டைப் பூட்டிவிட்டு எங்கேயோ போய்விட்டானாம். மாமாதான் சொன்னார். மாமா கையில் கட்டு. கார்க் கதவில் சிக்கிக்கொண்டதாம். அவன் அம்மாக்காரி ஒரு நாள் வந்து, எங்கள் தெருவுக்குள் வராமல் முக்கிலேயே நின்று அழுதுகொண்டிருந்தது. 'எம்புள்ளைய எங்கன்னு மட்டும் சொல்லுங்க' என்று. கொஞ்ச நேரத்தில் யாரோ பேசி அனுப்பிவிட்டார்கள்.

ஜோதிபாசு அண்ணன் என்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். 'அந்தத் தண்ணித் தொட்டியில ஊர்ப் பேரும் வார்டு நம்பரும் எழுதியிருந்துச்சே, உனக்குக் கண்ணு இல்லையா?' என்று கடை வாசலில் வைத்துக் கேட்டார். நான் அவள் முகத்தைப் பார்ப்பேனா, தொட்டியைப் படிப்பேனா? மாமா தேடுகிற தேடலுக்கு எப்படியும் கண்டுபிடித்திருப்பார். மில்லில் விசாரித்திருந்தால் வண்டி நம்பரே கிடைத்திருக்கும். என் பக்கம் எவ்வளவு நன்றாக வந்தது என்று ஒரு வார்த்தை இல்லை. தொட்டியாம் தொட்டி.

தேனு என்னோடு பேசவில்லை. அது பரவாயில்லை, யாரோடும் பேசவில்லை. அம்மா ஊட்டினால் இரண்டு வாய். மாமா அதற்குள் அவர் மச்சினன் மகன், மளிகைக் கடை வைத்திருக்கிற கதிரவனோடு பேசி முடித்துவிட்டார். 'எதையும் மனசுல வச்சுக்காத நல்ல பையன்' என்றார்கள். நான் கதவுக்கு வெளியே பாய் போட்டுப் படுத்துக்கொள்வேன். உள்ளே அவள் புரள்வது கேட்கும். அவ்வளவு பக்கத்தில் இருந்தாள். வெளியூரில் இருந்தபோதுகூட அவ்வளவு தூரமாகத் தெரியவில்லை.

ஒரு நாள் மத்தியானம் கதவைத் திறந்துகொண்டு அவளே வந்தாள். நான் திண்டுக்கல்காரர் ஒருவருக்குப் பிறந்தநாள் பக்கம் செய்துகொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்தாள். தோள் மேல் தோள் பட்டது அக்கா.

'எனக்கும் சொல்லித் தா' என்றாள்.

வந்த பிறகு என்னிடம் பேசின முதல் பேச்சு.

அம்மாவுக்குச் சந்தோஷம். போன்தான் கொடுக்கக் கூடாது, இதில் நெட் இல்லை, இருக்கட்டும் என்றது. நான் முழு மனசாகச் சொல்லிக் கொடுத்தேன். புதுப் பக்கம் சதுரமாகத் திற. காகிதம் முதலில், படம் அதற்கு மேல், பூவும் பொத்தானும் அதற்கும் மேல். எல்லாம் கண்ணாடி அடுக்கு மாதிரி, ஒன்றைத் தொட்டால் மற்றது கெடாது. ஒரு பக்கத்துக்கு ஒரு சமாச்சாரம் போதும். வெட்டுவது இப்படி, வெட்டின இடத்தைப் பக்கத்திலிருக்கிற சுவரையோ புல்லையோ எடுத்துப் பூசி மூடுவது இப்படி. வேலையை எப்போதும் வேறு பெயரில் சேமிக்க வேண்டும். மூலப்படத்தின் மேலேயே சேமித்தால் பழசு திரும்பி வராது. அதை மட்டும் இரண்டு தடவை கேட்டாள்.

'திரும்பி வரவே வராதா?'

'வராது தேனு. அதான் சொல்றேன், ஜாக்கிரதையா இரு.'

தலையை ஆட்டினாள்.

அப்புறம் நான் தேவைப்படவில்லை. காலையில் உட்கார்ந்தால் சாப்பாடு வரைக்கும். எங்கள் சின்ன வயதுப் படங்களாக எடுத்துப் பக்கம் செய்கிறாள் என்று தெரிந்தது. எட்டிப் பார்த்தால் மூடிவிடுவாள். 'முடிச்சுட்டுக் காட்டுறேன்' என்பாள். சாப்பிடவும் ஆரம்பித்தாள். கோபம் தீர்ந்தது என்று நினைத்தேன். எங்கள் இரண்டு பேர் படம்தானே எல்லாம்? அவள் தனியாக நிற்கிற படமே கிடையாது, நான் பிறந்ததிலிருந்து அவள் இடுப்பில்தான் இருந்தேன். கோபம் இருக்கிறவள் அதை எடுத்து வைத்து அழகு பார்ப்பாளா? நீங்களே சொல்லுங்கள்.

மாமா கேள்விப்பட்டு, 'பொண்ணே பண்ணினதுன்னு நிச்சயத்துல பெரிய டிவியில போடுவோம். மாப்பிள்ளை வீட்டு ஆளுக பாக்கட்டும், எப்படித் தெளிஞ்சுட்டான்னு' என்றார்.

போட்டார்கள். தட்டு மாற்றி, வெற்றிலை வைத்த பிறகு விளக்கைக் குறைத்து டிவியைப் போட்டார்கள். நான் முன் வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

முதல் பக்கம், பழனியில் மொட்டை போட்டது. சந்தனத் தலையோடு தேனு. அழகாக இருந்தது. காகிதம் என்ன, நிழல் என்ன, நான் செய்தால்கூட அப்படி வராது. இரண்டாவது, பொங்கல் கோலம். மூன்றாவது வந்தபோதுதான் நான் முன்னால் நகர்ந்து உற்றுப் பார்த்தேன். அதில் அம்மா வாசலில் நிற்கிறது, தேனு முந்தானையைப் பிடித்திருக்கிறாள். அம்மாவின் இடது கை மடங்கி இடுப்போரம் நிற்கிறது. எதையோ தூக்கி வைத்திருக்கிற மாதிரி. அந்தக் கையில் ஒன்றும் இல்லை. பின்னால் சுவர். அம்மாவின் சேலைப்பூ.

அந்தக் கையில் நான்தான் இருந்தேன் அக்கா.

அடுத்தது, அடுத்தது, எல்லாவற்றிலும். கோலத்தில் அவளுக்கு எதிரே நான் குந்தியிருந்த இடத்தில் கோலப்பொடி. குடைராட்டினத்தில் பக்கத்து நாற்காலி காலி. அம்மா இருக்கிறது, அப்பா இருக்கிறார், மாமா எல்லாப் பக்கத்திலும் மீசையோடு இருக்கிறார். நாங்கள் வளர்த்த மணி நாய் இருக்கிறது. நாயை விட்டுவைத்திருக்கிறாள்.

யாரும் கவனிக்கவில்லை. அவ்வளவு சுத்தமாக வெட்டியிருந்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். சித்தி மட்டும், 'ஏண்டி பவா, நீ எங்கடி இதுல?' என்று கேட்டது. நான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன் என்றேன். மூன்று வயதில் நான் என்னத்தைப் படம் எடுத்தேன்?

வீட்டுக்கு வந்து இதைத் திறந்து பார்த்தேன். மூலப்படங்களிலும் நான் இல்லை. ஒன்றிலும் இல்லை. அதன் மேலேயே சேமித்திருக்கிறாள். காகிதப் படத்தைத்தான் அம்மா எரித்துவிட்டதே. பள்ளிக்கூட அடையாள அட்டைக்கு முன்னால் நான் எப்படி இருந்தேன் என்று கேட்டால் இனிமேல் காட்டுவதற்கு ஒன்றும் கிடையாது.

போய்க் கேட்டேன். 'ஏண்டி? வண்டி எடுத்துக்கிட்டு வந்தது மாமா. உள்ள வச்சுக் கதவச் சாத்துனது அம்மா. அவங்கள எல்லாம் வச்சிருக்க. நான் என்னடி பண்ணேன் உனக்கு? உன்ன நல்லாத்தானடி காட்டுனேன்?'

தலை சீவிக்கொண்டிருந்தாள். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். பஸ்ஸில் எதிரில் உட்கார்ந்திருக்கிற யாரையோ பார்ப்பது போல. அப்புறம் சீப்பிலிருந்த முடியைச் சுருட்டி ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவ்வளவுதான். அநியாயமா இல்லையா அக்கா? நீங்கள் சொல்லுங்கள். எல்லோரையும் விட்டுவிட்டு என்னை மட்டும்?

சொல்ல மாட்டீர்கள். பரவாயில்லை. எல்லோரும் இப்படித்தான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

ஆனால் ஒன்று. நேற்று லேபுக்குக் கொடுப்பதற்காக ஒவ்வொரு பக்கமாகப் பெரிதாக்கிச் சரி பார்த்தேன். பெரிதாக அடிக்கும்போது சின்னக் குறைகூடப் பூசணிக்காய் மாதிரித் தெரியும், அதனால் கொடுக்கிறதற்கு முன்னால் மூலை மூலையாகப் பார்க்க வேண்டும், நீங்களும் பாருங்கள். கடைசிப் பக்கத்தில், இதோ இதுதான், கபடியில் ஜெயித்துக் கோப்பையோடு நிற்கிறாள். நான் பக்கத்தில் தோளில் கை போட்டு நின்றிருந்தேன். என்னை எடுத்துவிட்டு மைதானத்தைப் பூசியிருக்கிறாள். ஆனால் இந்தத் தோளில், சடைக்குக் கீழே, விரல் இருந்தது. மருதாணி வைத்த மூன்று விரல் நுனி. என்னுடையது.

மற்ற பக்கத்தில் எல்லாம் என் நிழலைக்கூட விடாதவள் இதை எப்படி விட்டாள்? கவனிக்காமல் விட்டாளா? வேண்டுமென்றே விட்டாளா? ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவளிடம் கேட்கலாம் என்று எழுந்துகூடப் போனேன். கதவு சாத்தியிருந்தது.

அப்புறமா? அப்புறம் என்ன, அச்சுக்குப் போகிற பக்கம் அக்கா. மண்டப வாசலில் ஆளுயரத்துக்கு நிற்கப் போகிறது. தோளில் யாருடையதோ விரல் ஒட்டிக்கொண்டிருந்தால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? வேலை தெரியாதவள் செய்தது என்பார்கள். பிசிறோடு கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. நானே அழித்துவிட்டேன். அழித்து, அதன் மேலேயே சேமித்தும்விட்டேன்.

கிட்டே வந்து பாருங்கள். எந்தத் தோள் என்றுகூட உங்களால் சொல்ல முடியாது.